வீட்டுப் பட்டறை: குடிலைச் சுற்றும் சிறு இரயில் தடம் புரள்வது ஏன்?



மூவரசர் திருநாள் கழிந்ததும் குடிலைப் பிரிக்கின்றோம். சுரூபங்களைப் பழந்துணியில் சுற்றி, நட்சத்திரத்தின் காகிதத்தை மடித்து, எல்லாவற்றையும் ஓர் அட்டைப் பெட்டியில் அடக்கிப் பரணில் ஏற்றுகின்றோம். சில இல்லங்களில் அவற்றோடு ஒரு சிறு இரயில் வண்டியும் பரண் ஏறுகின்றது. குடிலைச் சுற்றி ஓடட்டும் என்று ஆசையாய் வாங்கிய வண்டி அது. முதல் இரண்டு நாட்கள் ஓடியது. பின்னர் வளைவுதோறும் கவிழ்ந்தது. "மலிவுச் சாமான் வேறெப்படி இருக்கும்?" என்ற தீர்ப்போடு இவ்வாண்டு பெட்டிக்குள் போகின்றது; அடுத்த ஆண்டு குப்பைக்குப் போகும்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பே. மலிவு விலை வண்டிகளின் குறைகளுள் பெரும்பாலானவை ஒரு துண்டு அட்டை, ஒரு சிறு அரம், ஒரு மாலைப் பொழுது ஆகியவற்றால் தீரக்கூடியவை. இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நம் வீட்டிலேயே, சற்று வெட்கத்தோடு கற்றுக்கொண்டோம்.

கடந்த டிசம்பரில் திருவிழாக் கடையொன்றில் பேரனுக்கு ஓர் இரயில் வாங்கிக் கொடுத்தோம். ஓர் இஞ்சின், நான்கு பெட்டிகள், வட்டமாகக் கோத்துக்கொள்ளும் பாதைத் துண்டுகள். விழாவுக்கு முந்தின நாள் மாலை, குடிலின் கிணற்றருகே இருந்த வளைவில் மூன்றாம் பெட்டி தடம் புரண்டு, இடையர் சுரூபத்தைச் சாய்த்தது. இடையரின் கை ஒடிந்தது. அது நம் தாயார் காலத்துச் சுரூபம். "கையை வைக்காதே என்று எத்தனை முறை சொல்வது?" என்று எட்டு வயதுப் பிள்ளையை அதட்டினோம். "நான் தொடவே இல்லை, தாத்தா" என்றான் அவன். நாம் நம்பவில்லை. வண்டியை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டோம்.

விழா நாள் முழுவதும் பிள்ளை குடிலின் பக்கம் வரவில்லை. பிற்பகலில் வீட்டார் அனைவரும் உறங்கிய வேளையில், மனம் கேளாமல் வண்டியை எடுத்துத் தனியே ஓட்டிப் பார்த்தோம். அதே வளைவு; அதே மூன்றாம் பெட்டி; அதே கவிழ்ப்பு. அருகில் நம்மைத் தவிர ஒருவரும் இல்லை. மறுபடியும் ஓட்டினோம், மறுபடியும் கவிழ்ந்தது. பிள்ளை சொன்னது உண்மை. அப்படியானால் குற்றவாளி யார்? அதைக் கண்டுபிடித்துச் சொல்வது நாம் அவனுக்குப் பட்ட கடன் ஆயிற்று.

பெரிய வண்டி சொல்லும் பாடம்

சிறு வண்டியைப் புரிந்துகொள்ளப் பெரிய வண்டியைச் சற்று நோக்க வேண்டும். திண்டுக்கல் வாசிகளுக்கு இது கடினமன்று. 1870-களில் திருச்சியிலிருந்து மதுரைக்கு இடப்பட்ட மீட்டர் கேஜ் பாதை நம் ஊரின் வழியே சென்றது. அதில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 1000 மில்லிமீட்டர். 1980-களில் கரூரிலிருந்து அகலப்பாதை வந்து சேர்ந்தது. அதன் இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஒரே சந்திப்பு நிலையத்தில் இருவகை வண்டிகளும் நின்ற காலத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்தடுத்து நின்றாலும் ஒன்றின் பெட்டி மற்றதன் பாதையில் ஏற முடியாது. பழனி, பொள்ளாச்சிப் பாதையும் 2010-களில் அகலப்பாதையாக மாறியதோடு, நம் பக்கத்தில் மீட்டர் கேஜ் பழங்கதையாயிற்று.

இரயில் சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போன்றதன்று. மாட்டுவண்டியில் இரு சக்கரங்களும் தனித்தனியே சுழலும். இரயிலில் இரு சக்கரங்களும் ஒரே இருசில் இறுக அழுத்தப்பட்டிருக்கும். ஒன்று சுழன்றால் மற்றதும் சுழன்றாக வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். சக்கரத்தின் ஓடும் பரப்பும் சமதளமாக இராது. உட்புறம் சற்றுப் பருத்தும் வெளிப்புறம் சற்றுச் சிறுத்தும், இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் அமைந்திருக்கும். வளைவில் செல்லும்போது இரு சக்கரங்களும் சேர்ந்து வெளிப்பக்கம் சற்று நகரும். அப்போது வெளிச்சக்கரம் பருத்த பகுதியிலும், உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளும். ஆகையால் வெளித் தண்டவாளத்தின் அதிக தூரத்தை வெளிச்சக்கரம் தானே ஈடுகட்டிக்கொள்கின்றது. விளிம்பு என்பது கடைசிக் காவல் மட்டுமே. எந்நேரமும் விளிம்பு உரசிக்கொண்டே ஓடும் வண்டியில் ஏதோ கோளாறு உண்டு.

இவ்வளவும் சரிவர நடக்க, இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம் பிசகாமல் இருக்க வேண்டும். நம் நாட்டு அகலப்பாதை வண்டிக்கு அது 1600 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் வண்டிக்கு 930. இதில் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் மாறுபாட்டை இரயில்வேயார் அனுமதிப்பதில்லை. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு அருகே மாற்றி அமைக்கப்பட்ட பொன்மலைப் பட்டறை போன்ற இடங்களில், இருசில் சக்கரத்தை ஏற்றுவதும் ஏற்றியபின் அளந்து பார்ப்பதும் எவ்வளவு கவனமாகச் செய்யப்படும் பணிகள் என்பதை, அங்கு உழைத்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டறியலாம்.

விளையாட்டு இரயிலுக்கும் இதே விதிதான். உலகெங்கும் மிகப் பரவலாக விற்கப்படும் 'எச்.ஓ.' என்ற அளவில், வண்டி உண்மை வண்டியின் 87-இல் ஒரு பங்கு. பாதையின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அவ்வண்டியின் சக்கரங்களுக்கு இடையே உட்பக்கத் தூரம் சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினால் என்ன என்று தோன்றலாம். 16.5 மில்லிமீட்டர் பாதையில் அரை மில்லிமீட்டர் என்பது, நம் அகலப்பாதையில் ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்குச் சமம். அத்தகைய பெட்டியைத் திண்டுக்கல் நிலையத்தை விட்டு நகர விடுவார்களா?

விலையுயர்ந்த வண்டியை விற்பனைக்கு அனுப்புமுன் இதை அளந்து பார்க்கின்றார்கள். மலிவு வண்டியில் அந்த வேலை நமக்கு விடப்பட்டிருக்கின்றது. விலைக் குறைவின் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

முதலில் விசாரணை, பிறகே தீர்ப்பு

குற்றம் பாதையிலா, பெட்டியிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி கவிழும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு கோடு இடுங்கள். கவிழ்ந்த பெட்டி எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை ஓட்டினால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் கவிழ்ந்தால் குற்றம் பாதையில் இருக்கின்றது. ஒரே பெட்டி பல இடங்களில் கவிழ்ந்தால் குற்றம் அந்தப் பெட்டியில் இருக்கின்றது. ஒரே பெட்டி ஒரே இடத்தில் மட்டும் கவிழ்ந்தால் இரண்டிலும் சிறு சிறு குறை உண்டு. தனித்தனியே பொறுத்துக்கொள்ளக்கூடிய இரு குறைகள் அவ்விடத்தில் ஒன்று சேர்கின்றன. நம் வீட்டு வண்டி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

பின்னர் அந்தப் பெட்டியைத் தனியே கழற்றி விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அதைத் திருப்பி வைத்தும் தள்ளுங்கள். திருப்பி வைத்தபோதும் அதே சக்கர ஜோடிதான் பாதையை விட்டு ஏறுகின்றது என்றால், விசாரணை முடிந்தது. அந்த ஜோடியைக் கழற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள். சக்கரத்தையும் பாதையையும் எடையையும் ஒருசேர மாற்றிவிட்டு வண்டி ஓடினால், எது மருந்தாயிற்று என்பது தெரியாது. அடுத்த முறை கவிழும்போது மீண்டும் இருட்டில் துழாவ நேரும்.

பாதையைச் சீர்செய்தல்

குடிலின் தரை வைக்கோலும் மணலும் பாசியும் பரப்பிய தரை. அதன்மேல் நேரே பாதையை வைத்தால் அது மேடுபள்ளமாகவே இருக்கும். நம் வீட்டில் கிணற்றருகே ஒரு பிடி வைக்கோல் பாதையின் ஒரு பக்கத்தைத் தூக்கி நின்றது. முதலில் ஒரு சமப்பலகையை விரித்து, அதன்மேல் பாதையைப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். வண்டி நன்றாக ஓடிய பிறகே வைக்கோலையும் மணலையும் பாதையின் ஓரங்களில் மட்டும் தூவுங்கள். உலர்ந்த வைக்கோலின் அருகே மெழுகுதிரி ஏற்ற வேண்டாம் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகின்றோம்.

அடுத்து, பாதைத் துண்டுகள் சேரும் இடங்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். பிளாஸ்டிக் தண்டவாளமாயின் பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து விடலாம். உலோகத் தண்டவாளமாயின் நுனியின் உட்புறக் கூர்மையைச் சிறு அரத்தால் ஒருமுறை வருடினால் போதும்.

நம் சமவெளியின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டு வீட்டின் பரணோ, தகரக் கொட்டகையின் மேல்தட்டோ அடுப்பைப் போல் காயும். அங்கே கோணலாக அடுக்கிய பிளாஸ்டிக் பாதை டிசம்பரில் முறுக்கிக்கொண்டு வெளிவரும். அப்படி வளைந்த துண்டைக் கைபொறுக்கும் வெந்நீரில் சற்று நேரம் இட்டு, சமப்பலகையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டால் ஓரளவு நிமிரும். இவ்வாண்டு முதல் வண்டியைப் பரணில் ஏற்றாமல் பீரோவின் அடித்தட்டில் படுக்கை வாட்டில் வைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

சக்கர இடைவெளியை அளத்தல்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். சந்தேகத்துக்குரிய பெட்டியைத் தலைகீழாக ஒரு துணியின்மேல் கிடத்துங்கள். உங்களுடையது எச்.ஓ. வண்டியாயின், பயன்படாத பழைய பிளாஸ்டிக் அட்டையொன்றை 14.4 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டித் தேய்த்து ஓர் அளவுகோல் செய்துகொள்ளுங்கள். கல்லூரியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், வெர்னியர் அளவியைக் கொண்டு அகலத்தைச் சரிபார்த்துக் கொடுப்பான். அந்த அட்டை இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே இறுக்கமின்றியும் ஆட்டமின்றியும் நுழைய வேண்டும்.

திருவிழாக் கடை வண்டிக்குப் பொது அளவு என்று ஒன்று கிடையாது. அதற்கு வேறு வழி உண்டு. கவிழாமல் ஓடும் பெட்டியின் சக்கர ஜோடியை மாதிரியாக வைத்து அட்டையை வெட்டுங்கள். பிறகு மற்ற ஜோடிகளை அதனோடு ஒப்பிடுங்கள். நம் வீட்டு வண்டியில் எட்டு ஜோடிகளுள் ஏழு ஒரே அளவில் இருந்தன. மூன்றாம் பெட்டியின் முன் ஜோடியில் மட்டும் அட்டை லொடலொடவென்று ஆடியது. சக்கரங்கள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தன. அதனால் வளைவில் அந்த ஜோடிக்கு நகர இடமே இல்லை. விளிம்பு தண்டவாளத்தில் நெருக்குண்டு, வைக்கோல் தூக்கிய இடத்தில் மேலேறிவிட்டது. இடையரின் கையை ஒடித்தது அந்த ஒரு மில்லிமீட்டர்தான்.

இடைவெளி அதிகமானால் இப்படி வளைவில் விளிம்பு ஏறும். குறைந்தால் வேறு விதமான தொல்லை. நேர்பாதையில் ஒழுங்காக ஓடும் பெட்டி, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மட்டும் இடித்துத் துள்ளும். ஆகவே எங்கே கவிழ்கின்றது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

சரிசெய்வது எளிது. பிளாஸ்டிக் சக்கரம் உலோக இருசில் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். இரு கைவிரல்களாலும் இரு சக்கரங்களையும் பிடித்து, திருகிக்கொண்டே மெல்ல அழுத்துங்கள் அல்லது இழுங்கள். திருகாமல் இழுத்தால் ஒரேயடியாக நகர்ந்துவிடும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் நகர்த்தாமல் இருபுறமும் சமமாக நகர்த்துங்கள். இல்லையேல் பெட்டி பாதையின் நடுவில் நில்லாமல் ஒருபக்கம் ஒதுங்கி ஓடும். சக்கரம் இருசில் தளர்ந்து வழுக்கினால், ஊசிமுனையளவு பசையைத் தொட்டு வைத்து, அட்டையால் அளவைச் சரிபார்த்து ஓர் இரவு காயவிடுங்கள். பசை இருசின் நுனிக்கு வழிந்தால் சக்கரம் சுழலாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதில் எச்சரிக்கை தேவை.

அரம் பிடித்த கை

இடைவெளி சரியாகியும் நம் பெட்டி சற்றே துள்ளியது. சக்கர ஜோடியைக் கண்ணாடித் தட்டின்மேல் உருட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'டக்' என்று தட்டியது. சக்கரத்தை வார்த்த அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் ஒரு மெல்லிய பிசிறு நின்றது. நம் தெருவில் பூட்டுப் பட்டறையில் நெடுங்காலம் உழைத்த பெரியவர் ஒருவர் இருக்கின்றார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நீங்கள் அறிந்ததே. அந்தப் பெயரைத் தேடித் தந்தது அவரைப் போன்றோரின் அரம் பிடித்த கைதான். பேரனையும் உடன் அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றோம்.

அவர் சக்கரத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "அரத்தைச் சக்கரத்துமேல ஓட்டாதீங்க ஐயா. அரம் அசையாம இருக்கட்டும், சக்கரம் சுத்தட்டும்" என்றார். நுண்ணிய அரம் ஒன்றை மேசையில் அழுத்திப் பிடித்து, சக்கர ஜோடியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மெல்ல உருட்டச் சொன்னார். அரத்தை நாம் ஓட்டியிருந்தால் ஓரிடம் தட்டையாகி, 'டக்' என்ற ஓசை இரண்டாகியிருக்கும். சக்கரம் சுழன்றதால் பிசிறு மட்டும் நீங்கி, வட்டம் வட்டமாகவே நின்றது. பூட்டின் உள்ளே நெம்புகோல் ஒரு மயிரிழை உயர்ந்தாலும் சாவி திரும்பாது என்பதை அறிந்த கை அது. அவர் கூலி பெற மறுத்துவிட்டார். வண்டி ஓடுவதைக் காண வீட்டுக்கு வருவதாக மட்டும் பேரனிடம் சொன்னார்.

கவனிக்க வேண்டிய பிற காரியங்கள்

சக்கரம் சரியான பிறகும் பெட்டி தடுமாறினால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலாவது, இருசில் சுற்றிய நூல். நூற்பாலைகளும் சின்னாளபட்டித் தறிகளும் உள்ள பகுதி நம்முடையது. பஞ்சும் நூலும் இல்லாத வீடு அரிது. குடிலின் அடியில் விரித்த பழம்புடவையின் இழையும், தரையில் கிடக்கும் தலைமயிரும் இருசில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை இறுக்கிவிடும். ஊசியால் தூக்கிச் சிறு கத்தரியால் வெட்டி எடுங்கள். பிளாஸ்டிக் சக்கரத்தின் ஓடும் பரப்பில் கரிய அழுக்கு படிந்திருந்தால், ஈரத்துணியால் அல்லது விரல்நகத்தால் சுரண்டித் துடையுங்கள்.

இரண்டாவது, எண்ணெய். தேங்காய் எண்ணெய் இட வேண்டாம். அது ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையத் தொடங்கும். திண்டுக்கல்லின் மார்கழி இரவு அதனினும் குளிர்ந்தது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து வண்டியை ஓட்டினால், உறைந்த எண்ணெய் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். பகலில் உருகினால் தூசியைச் சேர்க்கும். பென்சில் கரியைத் தூளாக்கி இருசின் நுனியில் ஒரு சிட்டிகை இட்டால் போதும்.

மூன்றாவது, பெட்டியின் அடியில் திரும்பும் இரு சக்கரத் தாங்கிகள். இவற்றை போகி என்பார்கள். இரண்டின் திருகாணியும் இறுகியிருந்தால் பெட்டி நாற்காலியைப் போல் ஆகிவிடும். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது நம் அடுக்களை அறிந்த உண்மை. அதே முறையை இங்கே கையாளுங்கள். ஒரு போகியின் திருகாணியை, அது இடவலமாகத் திரும்பவும் முன்பின்னாகச் சாயவும் இடம்விட்டு, பக்கவாட்டில் மட்டும் ஆடாத அளவுக்கு முடுக்குங்கள். மற்றதை எல்லாப் பக்கமும் சற்றே ஆடும்படி தளர்த்துங்கள். பெட்டி மூன்று புள்ளிகளில் அமர்ந்து, எல்லாச் சக்கரங்களும் தண்டவாளத்தைத் தொடும்.

நான்காவது, எடை. மலிவுப் பெட்டி காற்றில் பறக்கும் அளவுக்கு இலேசானது. விளையாட்டு இரயில் ஆர்வலர்களுக்கென 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய தேசியச் சங்கம் ஒன்று இதற்கு ஒரு கணக்கு வகுத்துள்ளது. எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்சும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் இருக்க வேண்டும் என்பது அக்கணக்கு. அதன்படி ஆறு அங்குலப் பெட்டி நான்கு அவுன்சு, அதாவது ஏறத்தாழ 113 கிராம் இருக்கும். நம் வண்டியின் சிறு மோட்டார் அவ்வளவையும் இழுக்காது. ஆகவே இரும்பு நட்டு, வாஷர் ஆகியவற்றைப் பெட்டியின் தளத்தில் இருபுறமும் சமமாக ஒட்டி, சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்டிப் பாருங்கள். கூரையின் பக்கம் ஒட்டினால் கவிழ்வது அதிகமாகும். ஈயத் துண்டுகளைப் பயன்படுத்த வேண்டாம். பிள்ளைகள் கையாளும் பொருளில் ஈயம் கூடாது.

ஐந்தாவது, வரிசை. இலேசான பெட்டி முன்னாலும் கனத்த பெட்டி பின்னாலும் இருந்தால், வளைவில் இஞ்சின் ஒருபக்கம் இழுக்க, பின்னுள்ள பாரம் மறுபக்கம் இழுக்க, நடுவில் அகப்பட்ட இலேசான பெட்டி உட்பக்கமாகச் சாயும். கனத்தவை முன்னே, இலேசானவை பின்னே என்று கோருங்கள்.

ஆறாவது, கொக்கி. அது தாழத் தொங்கித் தண்டவாளத்தின் இணைப்பில் தட்டுகின்றதா, வளைவில் இருபக்கமும் தாராளமாகத் திரும்புகின்றதா என்று பாருங்கள். தாழ்ந்ததை மெல்ல உயர்த்துங்கள். பிசிறு தடுத்தால் உப்புத்தாளால் தேயுங்கள்.

ஏழாவது, வேகம். புதிய பாட்டரி இட்ட அன்று வண்டி வெறி கொண்டு ஓடும். சிறு வட்டப் பாதையில் அந்த வேகமே கவிழ்க்கப் போதும். சற்றுப் பயன்படுத்திய பாட்டரியே சிறு வட்டத்துக்கு ஏற்றது.

கழற்றிய சக்கரங்களையும் திருகாணிகளையும் ஒரு தட்டில் போட்டு வைத்து, தவழும் குழந்தைகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் ஓடும் வண்டியாயின், சுவர்ப் பிளக்கைக் கழற்றிய பிறகே கைவைக்க வேண்டும். அந்த வேலை பெரியவர்களுடையது.

புதிதாக வாங்குவோருக்கு

அடுத்த விழாவுக்கு வண்டி வாங்க எண்ணுவோர் கடையிலேயே மூன்று காரியங்களைச் செய்யலாம். பெட்டியைத் தலைகீழாக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுழற்றிப் பாருங்கள்; ஆடாமல் சுழல வேண்டும். எல்லா ஜோடிகளின் இடைவெளியும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிகின்றதா என நோக்குங்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு வண்டி இருந்தால், அதன் பாதைத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். ஒரு கடையின் வண்டி மற்றொரு கடையின் பாதையில் ஓடும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். மீட்டர் கேஜையும் அகலப்பாதையையும் ஒரே நிலையத்தில் கண்ட ஊரார் நாம்; இதை மறக்கலாமா?

நீளமான பெட்டிகளைவிடக் குறுகிய பெட்டிகளே சிறு வட்டத்தில் நன்கு திரும்பும். நான்கு பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டு ஓடும் வண்டியினும், இரண்டு பெட்டிகளோடு அமைதியாகச் சுற்றும் வண்டி குடிலுக்கு அழகு.

கடனைத் தீர்த்த கதை

பழுது நீங்கிய வண்டியைத் திருக்காட்சிப் பெருவிழாவன்று மாலையில் மீண்டும் பாதையில் ஏற்றினோம். பூட்டுப் பட்டறைப் பெரியவரும் வந்திருந்தார். சுற்றுக்களைப் பேரன் எண்ணினான். இருபது, முப்பது, ஐம்பது சுற்றுக்கள் ஆயின. மூன்றாம் பெட்டி கிணற்றருகே தலையாட்டாமல் திரும்பிப் போயிற்று.

அப்போது வீட்டார் அனைவரின் முன்னிலையிலும் அவனிடம் சொன்னோம்: "அன்று நீ தொடவில்லை என்றாய். அது உண்மை. நாங்கள் பாராமல் பழி சொல்லிவிட்டோம்." அவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அளவுகோல் அட்டையை எடுத்து, மற்ற பெட்டிகளின் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினான். சற்று நேரம் கழித்து, "இந்த ஜோடியும் கொஞ்சம் ஆடுது தாத்தா, நீங்களும் பாருங்க" என்று அழைத்தான். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நாம் விளங்கிக்கொண்டோம்.

இடையரின் கையை ஒட்டிவிட்டோம். ஒட்டிய கோடு தெரியத்தான் செய்கின்றது. அதை மறைக்க வண்ணம் பூசவில்லை. அளந்து பாராமல் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். அளந்து பாராமல் பிள்ளையையும் அதட்ட வேண்டாம். இவ்விரண்டையும் அந்தக் கோடு ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டட்டும்.

உங்கள் வீட்டு வண்டி பரண் ஏறும் முன்னர், ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளைகளோடு அமர்ந்து அதற்குக் கொடுங்கள். அரம் உங்கள் கையில் இருக்கட்டும். சக்கரத்தை அவர்கள் சுழற்றட்டும்.